காணாமல் போன பதினாறு பக்கங்கள்

எங்கள் வீட்டில் என்னை நீதிபதி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் யாருக்கும் தண்டனை கொடுத்ததில்லை. புத்தகம் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வேன், அவ்வளவுதான். கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

இப்போது வருகிற நாவல்களைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. முதல் பக்கத்திலேயே மழை பெய்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். எழுதியவருக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை போல. கதையில் நாய் வந்தால், உடனே கடைசிப் பக்கத்தைப் புரட்டி அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். பின்னட்டையில் 'கீழே வைக்கவே முடியாது' என்று போட்டிருக்கும். நான் மூன்று தடவை கீழே வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். நாவல்களில் வரும் பிள்ளைகள் அறுபது வயதுக்காரர் மாதிரி பேசுகிறார்கள், அதுவும் எனக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும்விடப் பிடிக்காதது, முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிற ஆட்கள்.

இப்படிப்பட்ட என் கையில், என் அத்தையே எழுதிய நாவல் வந்து சேர்ந்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. சட்டைப்பையில் திருப்புளி, விரல் நகத்தில் கிரீஸ், தோளில் ஒரு கனமான பை. நாலு வருடமாகச் சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து எழுதி, 'ஏழாவது மாடியில் நிற்காது' என்று ஒரு நாவலை முடித்துவிட்டார். அச்சாகி வந்ததும் வீட்டில் ஆளுக்கு ஒன்று, பெரியப்பாவுக்கும் ஒன்று கொடுத்தார்.

"நீங்க உங்க புத்தகத்தைப் படிச்சுப் பாத்தீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"ஐயோ, நான் மாட்டேன். அச்சுக்குப் போனதைத் திறந்தா தப்பு கண்ணுல படும். அப்புறம் தூக்கம் போயிடும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு நூலகத்தில் அத்தை அந்த நாவலிலிருந்து ஒரு பகுதியை வாசிப்பதாக ஏற்பாடு. அதற்காகப் புதுச் செருப்புகூட வாங்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். அடுத்த தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியப்பாவும் வந்திருந்தார். அத்தை தட்டில் கோடு போட்டபடி, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"கதவு திறக்குதே, அந்த இடம் எப்படி இருந்துச்சு?"

"அடேயப்பா!" என்றார் பெரியப்பா. "நான் ரெண்டு தடவை படிச்சேன். அந்த இடத்துல உடம்பே சிலிர்த்துடுச்சு."

"எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு" என்றார் அப்பா.

"அந்தக் கதவை நேர்லயே பாத்த மாதிரி இருந்துச்சு" என்றார் அம்மா.

"நான் படிக்கல. எனக்கு இன்னும் எழுத்துக் கூட்டவே வராது" என்றான் தம்பி.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையின் முகம் விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது.

"நீதிபதி ஏன் வாயைத் திறக்கல?"

"நான் இன்னும் முடிக்கல அத்தை" என்றேன். பாதிதான் உண்மை. காலையிலேயே கடைசிப் பக்கம் வரை போய்விட்டேன். ஆனால் கதவு திறக்கிற இடத்தை மட்டும் படிக்கவில்லை. என் புத்தகத்தில் அந்த இடமே இல்லை!

கதை இதுதான். ஒரு பெரிய கட்டடம். அதன் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்கும், ஏழாவது மாடியில் மட்டும் நிற்காது. அங்கே கால்பந்து நடுவர் ஒருவர் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார். எப்போதோ ஒரு ஆட்டத்தில் தப்பான நேரத்தில் விசில் ஊதிவிட்டார். ஊரே சிரித்தது. அன்றிலிருந்து வெளியே வருவதில்லை. லிஃப்டைச் சரி செய்ய வரும் பெண்ணும், லிஃப்டுக்குள்ளேயே குடியிருக்கும் பூனையும் அவரை வெளியே கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

தொண்ணூற்றாறாம் பக்கத்தில் அந்தப் பெண் கதவைத் தட்டுகிறாள். உள்ளே தாழ்ப்பாள் நகர்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். மறுபடியும் எண்பத்தொன்றாம் பக்கம்! அவள் மறுபடியும் கீழே உட்கார்ந்து கம்பிக்கு எண்ணெய் போடுகிறாள். அந்தப் பதினாறு பக்கமும் இன்னொரு தடவை வந்து, அதன் பிறகு நேராக நூற்றுப் பதின்மூன்று. அதில் நடுவர் பூங்காவில் ஜம்மென்று நிற்கிறார். எப்படி வந்தார்? கதவைத் திறந்ததும் என்ன சொன்னார்? எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையணையைக் குத்தினேன்.

என் புத்தகம் மட்டும்தான் கோளாறு என்று நினைத்தேன். மற்றவர்கள் எல்லாம் அந்த இடத்தைப் படித்துச் சிலிர்த்திருக்கிறார்களே! சாப்பிட்டதும் அப்பாவின் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. தொண்ணூற்றாறைத் திருப்பினால் எண்பத்தொன்று. அம்மாவின் புத்தகம் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதிலும் அதே கதைதான். மறுநாள் பெரியப்பாவின் கடைக்குப் போனேன். அவருடைய புத்தகம் கல்லா மேல் இருந்தது. சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

அச்சில் வராத பக்கத்தைப் படித்துவிட்டு மூன்று பேர் உருகியிருக்கிறார்கள்.

அத்தையிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அத்தை வாசிக்கப் போவது அந்த இடத்தைத்தான். அத்தனை பேருக்கு முன்னால் புத்தகத்தைத் திறந்து, பக்கத்தைத் தேடித் தேடி நின்றால்? என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பள்ளி விட்டதும், அத்தை வேலை பார்த்துக்கொண்டிருந்த அலுவலகக் கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட் வாசலில் 'வேலை நடக்கிறது' என்ற பலகை. அத்தை தரையில் குந்தி, கதவு ஓடுகிற பள்ளத்தை ஒரு பிரஷ்ஷால் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"பாரு, ஒரு மிட்டாய்த் தாள்! இந்த ஒரு தாள் போதும், கதவு மூடாம அடம் பிடிக்க" என்று அதை எடுத்துக் காட்டினார்.

நான் புத்தகத்தைத் திறந்து நீட்டினேன். "அத்தை, இதுலயும் ஒரு தாள் சிக்கியிருக்கு."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு புரட்டினார். இன்னொரு தடவை புரட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உன்னோடதுல மட்டுமா?"

எனக்குப் பொய் சொல்ல வராது. தரையைப் பார்த்தேன். அத்தை வீட்டில் யாரையும்விடக் கெட்டிக்காரர். மீதியைத் தானே புரிந்துகொண்டார்.

"அப்போ... கண்ணு கலங்கினது? உடம்பு சிலிர்த்தது?"

நான் அந்த மிட்டாய்த் தாளை எடுத்து மடித்தேன்.

"யாருமே படிக்கல" என்றார் அத்தை. பிரஷ்ஷைப் பைக்குள் போட்டார். "நூலகத்துக்குப் போன் பண்ணி, ஞாயித்துக்கெழமை நான் வரலன்னு சொல்லிடறேன். வீட்டுல இருக்கறவங்களே படிக்காத புத்தகத்தை ஊருக்கு எதுக்கு வாசிச்சுக் காட்டணும்?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"நான் படிச்சேன்! படிச்சதாலதானே இது தெரிஞ்சுது! தாழ்ப்பாள் நகருது, நான் மூச்சே விடல. திருப்பினா பழைய பக்கம்! தலையணையைப் போட்டுக் குத்தினேன் தெரியுமா? உங்களை மனசுக்குள்ள திட்டினேன். மூணாவது அத்தியாயம் ரொம்ப இழுவை, அப்பவும் விடாம படிச்சேன். அந்தாளு என்னதான் சொன்னாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும் அத்தை!"

அத்தை என்னையே பார்த்தார். அப்புறம் அவர் உதடு கோணியது. அழப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார்.

"நிஜமாவே தலையணையைக் குத்தினியா?"

"ரெண்டு குத்து."

"மூணாவது அத்தியாயம் இழுவையா?"

"ரொம்ப."

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு" என்று சொல்லி, பையைத் தோளில் மாட்டினார். "வா, அச்சகத்துக்குப் போவோம்."

அச்சகக்காரர் புத்தகத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். பதினாறு பதினாறு பக்கமாக மடித்து அடுக்கித் தைப்பார்களாம். ஒரு கட்டு இரண்டு தடவை போய்விட்டது. போக வேண்டிய கட்டு கடை மூலையில் அப்படியே அடுக்கி இருந்தது. அதன் மேல்தான் எல்லோரும் டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"விக்கறதுக்கு வெச்சிருக்கறதை எல்லாம் ஞாயித்துக்கெழமைக்குள்ள பிரிச்சுத் தைச்சுத் தந்துடறேம்மா. மன்னிச்சுக்கங்க" என்றார்.

"வீட்டுல இருக்கறதையும் கொண்டுவந்துடறோம்" என்றார் அத்தை.

"வேண்டாம் அத்தை" என்று நான் குறுக்கே புகுந்தேன். "அதை நாங்களே ஒட்டிக்கறோம். தாளை மட்டும் குடுங்க." எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. அதோடு இன்னொரு காரணமும் இருந்தது. வீடு போய்ச் சேரும் வரை பொறுக்க முடியாமல், பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே அந்தப் பதினாறு பக்கத்தையும் படித்து முடித்தேன்.

சனிக்கிழமை காலை ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று அத்தை கிளம்பிப் போனார். நான் மேசையில் பசை, கத்தரிக்கோல், மடித்த தாள் எல்லாவற்றையும் பரப்பி, மூன்று பேரையும் கூப்பிட்டேன்.

"அத்தையோட புத்தகத்துல ஒரு அச்சுக் கோளாறு. சில பக்கம் ரெண்டு தடவை வந்திருக்கு, சில பக்கம் வரவே இல்ல. அவங்கவங்க புத்தகத்தை அவங்கவங்க ஒட்டணும்" என்றேன்.

"எந்தப் பக்கம் வரல?" என்று கேட்டார் அப்பா.

"கதவு திறக்கிற இடம்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்பா தொண்டையைச் செருமினார். அம்மா பசை டப்பாவின் மூடியை வெகு அக்கறையாகத் திறந்தார். பெரியப்பா புத்தகத்தை மேசைக்கு அடியில் கொண்டுபோனார். பிளாஸ்டிக் உறை சரசரவென்று கிழிகிற சத்தம் கேட்டது. எங்கள் காதில் விழாதது போல நாங்கள் இருந்தோம்.

"இங்க என்ன சத்தம்?" என்றான் தம்பி. அவன் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தேன்.

"மாத்தி ஒட்டிட்டா அப்புறம் பிரிக்க முடியாது" என்றேன். "அதனால முன்னாடி என்ன நடக்குது, பின்னாடி என்ன நடக்குதுன்னு படிச்சுப் பாத்துட்டு ஒட்டுங்க."

"எங்கேருந்து படிக்கணும்?" என்று கேட்டார் பெரியப்பா. அவர் குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"முதல்லேருந்து ஆரம்பிச்சா நல்லது பெரியப்பா."

ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் பெருமூச்சும் நாற்காலி நகர்த்துகிற சத்தமுமாக இருந்தது. மூன்றாவது அத்தியாயத்தில் அப்பா கொட்டாவி விட்டார். அதன் பிறகு சத்தமே இல்லை. டீ ஆறி ஆடை கட்டியது. பசை காய்ந்தது. தாழ்ப்பாள் நகர்கிற இடத்தில் அப்பா மேசையைக் குத்தினார். நான் வேகமாக மடித்த தாளை அவர் கையில் கொடுத்தேன்.

அத்தை திரும்பி வந்தபோது மாலை ஆகிவிட்டது. வாசலிலேயே நின்றுவிட்டார். யாரும் நிமிரவில்லை.

"உஷ்! எல்லாரும் படிக்கிறாங்க" என்றான் தம்பி.

அத்தை பையை இறக்கி வைக்கக்கூட மறந்து நின்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, அந்தப் பூனை என்னாச்சுன்னு நீ எழுதவே இல்லையே? நடுவர் வெளிய வந்துட்டாரு, சரி. பூனை எங்க போச்சு?"

அத்தைக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "அண்ணா, கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"இப்பத்தாம்மா படிச்சேன்" என்றார் அப்பா. "முன்னாடி சொன்னது..."

"தெரியும், விடுங்க. பூனைக்கு என்ன?"

"அதான் கேக்கறேன், எங்க போச்சு?"

"எனக்கும் அதே கேள்விதான்" என்றார் அம்மா. அப்புறம் ஒரே சண்டை. பூனை லிஃப்டிலேயே இருக்கும் என்றார் அம்மா. நடுவரோடு போயிருக்கும் என்றார் அப்பா. அத்தை நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. பெரியப்பா மட்டும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் நாற்காலி போதவில்லை. அத்தை புதுச் செருப்பில் நின்று வாசித்தார். தட்டுகிற சத்தம் வந்தது. தாழ்ப்பாள் நகர்ந்தது. அத்தை சட்டென்று புத்தகத்தை மூடிவிட்டார்.

"மீதியை நீங்களே படிச்சுக்கங்க" என்றார்.

அது என் யோசனைதான். எனக்கு வந்த ஆத்திரம் எல்லோருக்கும் வரட்டுமே! கூட்டத்தில் "ஐயோ!", "அநியாயம்!" என்று ஒரே கூச்சல்.

"கதவைத் திறம்மா!" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் பெரியப்பா. கதவைத் திறந்ததும் நடுவர் என்ன சொன்னார் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அவர்தான் புத்தகத்தை இரண்டு தடவை படித்தவர் ஆயிற்றே, இந்த முறை நிஜமாகவே.