மூன்று பக்கமும் உள்ளே

கம்ப்யூட்டர் பெட்டியின் மேல்வலை அருகே செந்தூரன் பிடித்த டிஷ்யூ தாள் பறக்கவில்லை. வலையில் போய் ஒட்டிக்கொண்டது.

பறந்திருக்க வேண்டும். முன்பக்க விசிறி காற்றை உள்ளே இழுக்கும், பின்பக்க விசிறியும் இழுக்கும், இழுத்ததெல்லாம் நடுவில் இருக்கும் வடிகட்டித் துணியில் சலித்து மேல்வலை வழியாகச் சுத்தமாக வெளியேறும். அவன் போட்ட திட்டம் அதுதான். இப்போது மூன்று பக்கமும் இழுத்தது. ஒரு பக்கமும் விடவில்லை.

செந்தூல் பகுதி அடுக்குமாடியில் செந்தூரனைத் தெரியாதவர் இல்லை. எந்த வீட்டிலாவது கம்ப்யூட்டர் லேசாகச் சூடானால் போதும், கூப்பிடாமலே திருப்புளியோடு வாசலில் வந்து நிற்பான். மூன்றாம் மாடி லெட்சுமி அக்காவின் கம்ப்யூட்டர், அவன் காற்றோட்டத்தைச் சரிசெய்த நாள் முதல், பக்கத் தகடு இல்லாமல் மேசை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் அவன் நம்பிக்கைக்கு மட்டும் ஒரு குறையும் வந்ததில்லை.

காட்டுத்தீப் புகைமூட்டத்தால் பள்ளிகளை மூடி நான்கு நாளாகியிருந்தது. மகள் தாமரைக்கு ஆறு வயது, பிறந்ததிலிருந்தே மூச்சிரைப்பு. காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்று வாங்கச் சொல்லி, மருத்துவமனையில் தாதியாக இருக்கும் அவன் மனைவி சுதர்சினி தினமும் நச்சரித்தாள். பிரிக்பீல்ட்ஸ்வரை அலைந்தும் எந்தக் கடையிலும் ஒன்றுகூட மிச்சமில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் அவன் செந்தூரனா? "வாங்கிட்டேன்," என்றான். அதற்குப் பிறகுதான் செய்ய உட்கார்ந்தான்.

பெட்டி கிள்ளான் ஊரில் ஒரு வீட்டில் கிடைத்தது. காலில் போடும் சப்பாத்து வரும் அட்டைப்பெட்டி அளவே இருந்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதை விற்ற சந்திரகலா, மேசை காலியாகக் கிடந்தும் ஜன்னலில்தான் வைத்திருந்தாள். மூச்சு முட்டிய யாரோ தலையை வெளியே நீட்டியதுபோல, அதன் பின்பக்கம் கண்ணாடிப் பட்டைகளுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"என்னக்கா, கம்ப்யூட்டர் காத்து வாங்குதா?" என்று செந்தூரன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கா தம்பி? இருந்தா குடுக்கமாட்டேன்."

"இல்லக்கா. நானும் வைஃபும்தான்."

அப்போது அவன் சட்டைப்பையில் தாமரையின் இன்ஹேலர் இருந்தது.

சின்னப் பெட்டியில் உள்ளே வரும் காற்றைவிட வெளியே போகும் காற்றுதான் முக்கியம் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அதற்காகத்தான் பின்பக்க விசிறி வெளிநோக்கி இருந்தது. இருந்தும் காற்று அதிகமாகச் சலிக்கட்டும் என்று அவன் நான்கு திருகாணிகளைக் கழற்றி, அதை உள்நோக்கித் திருப்பி மாட்டினான். தாமரையின் கட்டில் அருகே வைத்து, ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் ஒட்டி மூடி, அறை குளிர ஏர்கோனைப் போட்டான்.

இந்த வீட்டு ஏர்கோனுக்கு ஒரு கதை உண்டு. பழைய வயரிங். ஏர்கோன் ஓடும்போது குளியலறை ஹீட்டரைப் போட்டால் வீடே டப்பென்று இருண்டுவிடும். அதனால் குளிக்கப் போகிறவர் "ஏர்கோன் ஆஃப்பா?" என்று ஒரு குரல் கொடுப்பார். ஓடினால் "இரு, இரு" என்று பதில் வரும். பதில் வராவிட்டால் ஆஃப் என்று அர்த்தம்.

மதியம் மூன்று மணிக்கு லெட்சுமி அக்கா இரும்புக் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். "என்னாடா செந்தூரா, காத்து மெஷின் வாங்கிட்டியாமே? காட்டு லா!"

"பிள்ள தூங்குதுக்கா. அப்புறம் வாங்க."

"என் கம்ப்யூட்டருக்குப் பண்ண மாதிரி பண்ணிடாத. அது இன்னும் சட்டையில்லாமதான் குந்தியிருக்கு."

அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்கி மறைந்தபிறகுதான் அவன் தாளைப் பிடித்துப் பார்த்தான். தாள் ஒட்டியது. சரி, எங்கோ ஓர் இடுக்கு வழியாக வெளியேறுகிறது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். கம்ப்யூட்டர் திரையில் பெட்டியின் சூடு இறங்கிக்கொண்டே வந்தது. ஐம்பத்திரண்டு டிகிரி. நாற்பத்தைந்து. நாற்பது. செந்தூரனுக்குப் பெருமை தாளவில்லை. முப்பத்தேழில், ஓர் உடம்பின் சூட்டில், வந்து நின்றது. அதற்குக் கீழும் போகவில்லை, மேலும் ஏறவில்லை.

சுதர்சினி போன் செய்தாள். "மெஷின் ஓடுதா? பிள்ள எப்படி?"

"நல்லா தூங்குறா. நீ மெதுவா வா."

டேப் ஒட்டிய கண்ணாடிக்கு அப்பால் நாலரை மணி வெயில் மங்கிய ஆரஞ்சு நிறத்தில் அசையாமல் நின்றது. திரைச்சீலையின் கீழ்நுனி பெட்டியை நோக்கி மெல்லச் சாய்ந்திருந்தது. அரைமணி முன்பு அவன் தாமரையின் நெஞ்சில் தேய்த்த தைலம் அறையெங்கும் நெடியடித்திருக்க வேண்டும். இப்போது குனிந்து முகர்ந்தபோதும் ஒன்றும் வரவில்லை. தைலம் இல்லை, புகை இல்லை, தலையணையின் வியர்வைகூட இல்லை. யாரோ அறையைத் துடைத்தெடுத்துவிட்டதுபோல.

அப்போதுதான் விசிறியின் சத்தம் ஒரே சீராக இல்லை என்பது உறைத்தது. ஏறியது. நின்றது. இறங்கியது. இறங்கும் முடிவில் மெல்லிய விசில் ஒன்று.

அந்த விசிலை அவனுக்குத் தெரியும். ஆறு வருடமாக இரவெல்லாம் கேட்டது.

தாமரையைப் பார்த்தான். நெஞ்சு ஏறியது. நின்றது. இறங்கியது. விசிறியும் அப்படியே.

நெற்றி குளிர்ந்திருந்தது. ஒரு டிஷ்யூவைக் கிழித்து அவள் உதட்டின்மேல் வைத்தான். அசைந்தது, மிக லேசாக.

இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினான். மருந்தின் வெள்ளைப் புகை அவள் வாய்க்குள் போகவில்லை. வளைந்து, மெல்லிய நூலாகப் பெட்டிக்குள் போனது.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஓரடிக்கு விசில் மெலிந்தது. இரண்டாம் அடிக்கு இன்னும். அறைவாசலில் உதடு நாவற்பழ நிறமானது. நெஞ்சு அசையவில்லை. திரும்பி ஓடிவந்து கட்டிலில் போட்டான். விசில் வந்தது.

பிளக்கைப் பிடுங்கினான். பிடுங்கிய வேகத்தில் சுவரிலிருந்த பிளக் பாயிண்டே பாதி கழன்று தொங்கியது. விசிறி இறங்கியது. நின்றது. தாமரையின் நெஞ்சும் இறங்கியது. அங்கேயே நின்றது.

"வேணாம்... வேணாம்..." திரும்பச் சொருகினான். பட்டனை அழுத்தினான். பிளக் பிடிக்கவில்லை. உள்ளங்கையால் அழுத்தி வைத்தபோதுதான் விசிறி சுற்றியது. அவளும் மூச்சிழுத்தாள்.

கையை எடுத்தால் நின்றுவிடும். கையை எடுக்க முடியாது. திருப்புளி மேசையில் இருந்தது. நான்கடி தூரம்.

இடது கையால் கிள்ளான் சந்திரகலாவின் எண்ணை அழுத்தினான்.

"அக்கா... அந்தப் பெட்டி..." குரல் காற்றாக வந்தது.

எதிர்முனையில் அவள் கேட்டாள்: "எத்தன வயசு?"

"ஆறு."

"இல்லன்னு சொன்னீங்களே தம்பி." அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. "நிறுத்திடாதீங்க. என்ன ஆனாலும் நிறுத்திடாதீங்க."

இணைப்பு அறுந்தது. சுதர்சினியை அழைத்தான். எடுத்தாள். அவன் வாயைத் திறந்தான். சொல் இருந்தது. அதைத் தள்ளக் காற்று இல்லை.

"ஹலோ? ஒரே இரைச்சலா இருக்கு. லிஃப்ட்டுல இருக்கேன், வந்துட்டேன்."

போன் வியர்த்த விரலிலிருந்து வழுக்கிக் கட்டிலடியில் விழுந்தது. இரும்புக் கதவு திறந்தது. பை வைக்கும் சத்தம். வா. இங்கே வா. ஆனால் மருத்துவமனையிலிருந்து வந்தால் குளிக்காமல் அவள் பிள்ளையைத் தொடமாட்டாள். பிள்ளைதான் நன்றாகத் தூங்குகிறாளே.

காலடிகள் அறைக்கதவைத் தாண்டிப் போயின.

"ஏர்கோன் ஆஃப்பா?"

வாயைப் பிளந்தான். ஒன்றும் வரவில்லை. குதிகாலால் தரையை உதைத்தான். குளியலறையில் வாளித் தண்ணீர் கொட்டியது. உதைத்தான். மறுபடியும் உதைத்தான்.

"செந்தூர்? ஆஃப்தானே?"

ஹீட்டர் சுவிட்ச். டக்.

ஏர்கோன் பெருமூச்சுவிட்டு அடங்கியது. திரை இருண்டது. விசிறியின் இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன. நின்றன.

தலையணையில் விழுந்திருந்த தாளை எடுத்துத் தாமரையின் உதட்டின்மேல் வைத்தான்; அசையாமல் கிடந்தது.

பெட்டியின் மேல்வலையில் மதியத்திலிருந்து ஒட்டியிருந்த தாள் மெல்ல எழுந்தது. விழுந்தது. எழுந்தது. முடிவில், சின்னதாக, ஒரு விசில்.