துளசிமணியின் வலக்கண்

முழுவிழிக் கேமராவை நாட்டிலேயே முதலில் தொட்டவர் லோகித்தாகத்தான் இருந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் நடந்துவந்தது. எந்தக் கம்பெனி புதுக் கேமரா செய்தாலும் கோயம்புத்தூரில் அவர் வீட்டுக்கு ஒரு பெட்டி வரும். அவர் பிரித்துப் பார்த்து, நாலு நாள் படம் எடுத்து, ‘முதல் பார்வை’ என்ற தன் இணையப் பக்கத்தில் எழுதுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். இந்த முறை கம்பெனிக்காரர்கள் இரண்டு பேரை அழைத்திருந்தார்கள். கையில் இருந்ததோ ஒரே கேமரா. பொள்ளாச்சியில் ஒரு தேங்காய்க் களத்தில் வைத்துச் சீட்டுக் குலுக்கினார்கள். முதல் சீட்டில் பிரகதியின் பெயர் வந்தது.

“எடும்மா, எடு. எனக்கென்ன அவசரம்” என்று லோகித் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

அது புனைபடங்கள் மலிந்துபோன காலம். வாயால் ஒரு வரி சொன்னால் போதும், எந்திரம் படத்தை வரைந்து கையில் கொடுத்துவிடும். கல்யாணத்துக்கே வராத சித்தப்பா எல்லா ஆல்பத்திலும் சிரித்துக்கொண்டு நின்றார். இடியாத வீடு இடிந்ததாகக் காட்டி இழப்பீடு கேட்டார்கள். ஒரு கட்டத்தில் படம் என்றாலே பொய் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அதன் பிறகுதான் கைப்படத்துக்கு மவுசு வந்தது. மெய்யான வெளிச்சம் மெய்யான கண்ணாடி வழியாகப் போய், ஒரு மனிதர் பொத்தானை அழுத்தி எடுத்தால் அது கைப்படம். கேமராவே அதில் ஒளிமுத்திரை ஒன்றைப் பதித்துவிடும். முத்திரையோடு இருக்கும் மூலப்படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதை இடம் மாற்றலாம், நகல் எடுத்தால் முத்திரை வராது. கோர்ட்டும் நம்பியது, பத்திரிகையும் நம்பியது.

அந்த முத்திரையில் ஒரே ஓர் ஓட்டை. வெளிச்சம் மெய் என்று அது சாட்சி சொல்லும், பொத்தானை அழுத்திய விரல் யாருடையது என்று அதற்குத் தெரியாது. படம் எடுத்தவரே தன் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். கைப்படக்காரர்கள் சங்கத்தில் மொத்தமே அறுபது பேர். அதில் யார் போய் அடுத்தவர் படத்தில் பெயர் எழுதப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

பிரகதி உடுமலைக்காரி. முப்பத்தாறு வயது. வங்கி வேலையை விட்டுவிட்டு எட்டு வருடம் முன்பு கேமராவைத் தூக்கியவள். அவள் படத்தைப் பார்த்தவர்கள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். லோகித் படத்தைப் பார்த்தவர்கள் “என்ன லென்ஸ் சார்?” என்று கேட்பார்கள். இந்த வித்தியாசம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு நல்ல கருவி கிடைக்கிறது, நல்ல வெளிச்சம் அமைகிறது, அதிர்ஷ்டம் என்று தனக்குத் தானே சொல்லித்தான் எட்டு வருடத்தை ஓட்டியிருந்தார். இன்றைக்கு அந்தச் சாக்கெல்லாம் செல்லாது. ஒரே கேமரா, ஒரே களம், ஒரே வெயில்.

களத்தில் துளசிமணி என்ற பெண் தேங்காய் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு காயை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். சத்தத்தைக் கேட்டு, முற்றியது ஒரு பக்கம், இளசு ஒரு பக்கம் என்று போடுவார். பிரகதி அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து இருபது நிமிடம் சும்மா பேசிக்கொண்டிருந்தாள். மகள் எந்தக் காலேஜ், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஊர்க்கதை. அவளுக்குக் கொடுத்ததே அரை மணி நேரம். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் கேமராவைத் தூக்கினாள். பதினோரு படம் எடுத்துவிட்டு எழுந்தாள். அவ்வளவு நேரமும் லோகித் அவள் தோளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் முறை வந்ததும் அதே இடத்தில் நின்று நானூறு படம் எடுத்தார்.

கேமரா முதல் இரண்டு நாள் அவரிடம், அடுத்த இரண்டு நாள் அவளிடம் என்று ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை காலை படங்களைப் பெரிய திரையில் போட்டார்.

முழுவிழிக்குள் வெளிச்சத்தை வாங்கிப் பதிக்கும் தகடு இதற்கு முன் வந்தவை போன்றது அல்ல. பழைய கேமராத் தகடுகளில் வெளிச்சம் கட்டம் கட்டமாக விழும். ஓரளவுக்கு மேல் பெருக்கினால் படம் கட்டம் கட்டமாக உடையும். இதில் கட்டமே இல்லை. வெளிச்சம் எந்த அலையாக வந்ததோ அந்த அலையாகவே தகட்டில் தங்கியது. லோகித் தொழில்முறைப்படி முதலில் தன் படங்களின் நாலு மூலையையும் பெருக்கிப் பார்த்தார். தார்ப்பாய்க்கு அடியிலிருந்த இருட்டைப் பார்த்தார். துளசிமணியின் நெற்றி முடி ஓரத்தைப் பார்த்தார். மட்டையின் நாரை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. அவருடைய நானூறு படமும் அப்படித்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்த்து முடித்ததும் ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

பிறகு, ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டு, பிரகதியின் பதினொன்றைத் திறந்தார்.

ஏழாவது படத்தில் துளசிமணி காயைத் தட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கண் நேராகப் பார்த்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. முழு உடம்பும் காதாகி உட்கார்ந்திருந்தது. அந்தச் சத்தம் லோகித்துக்கே கேட்டது. இந்தப் பெண் இருபது நிமிடம் ஊர்க்கதை பேசிவிட்டு இதை எப்படி எடுத்தாள்? அதே இடத்தில்தானே நானும் நின்றேன்?

காபியோடு வந்த மனைவி சஷ்மிதா திரைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். “அட! இது யாருங்க எடுத்தது?”

“ஏன், நான் எடுக்கக் கூடாதா?”

எரிச்சலில் வந்த வார்த்தைதான். சஷ்மிதா அதை அப்படியே நம்பிவிட்டாள். முகமெல்லாம் மலர்ந்து, “நீங்களா! இத்தனை வருசத்துல இப்புடி ஒண்ணு நீங்க எடுத்ததே இல்லீங்களே!” என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். உடனே தங்கைக்குப் போன் போட்டு, “உங்க மாமா ஒரு படம் எடுத்திருக்காரு பாரு” என்று ஆரம்பித்துவிட்டாள். லோகித் காபியைக் குடித்தார். திருத்திச் சொல்ல இரண்டு நிமிடம் இருந்தது. அந்த இரண்டு நிமிடமும் போயிற்று.

மத்தியானத்துக்குள் ஏழாவது படம் கேமராவிலிருந்து அவருடைய படப் பெட்டகத்துக்கு இடம் மாறியது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தன் பெயரை எழுதினார். இத்தனை வருடத்தில் எழுதியதிலேயே நல்ல ‘முதல் பார்வை’யை அன்று எழுதினார். “எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்குங்கள். இந்தத் தகட்டுக்கு அடி கிடையாது. நீங்கள் களைத்துப்போவீர்கள், படம் களைக்காது” என்று எழுதி, வழக்கம்போல மூலப்படத்தையும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி இணைத்தார். விமர்சனம் எழுதுகிறவர் மூலத்தைக் காட்டியே தீர வேண்டும் என்று இந்தத் தொழிலில் சட்டம் போட்டவரே அவர்தான்.

இணைக்கும் முன் நாலு மூலையையும் இருட்டையும் முடியையும் இன்னொரு தடவை சரிபார்த்தார். முகத்தை மட்டும் பெருக்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிரகதியின் ஞாபகம் வந்து தொலைத்தது.

மறுநாள் காலை பிரகதி கூப்பிட்டாள்.

“அண்ணா, துளசிமணியக்கா படம் பார்த்தேனுங்ணா. அது நான் எடுத்ததாச்சுங்களே.”

“நீ எடுத்ததும் அது மாதிரிதான் இருக்கும் பிரகதி. ரெண்டு பேரும் ஒரே இடத்துலதானே நின்னோம்.”

“இல்லீங்ணா. அந்தக் காயத் தட்டுன நொடி எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.”

“அவங்க நாள் முழுக்கத் தட்டிட்டேதான் இருந்தாங்க” என்று லோகித் சிரித்தார். “நாளைக்குக் கேமரா உன் கைக்கு வரும். உன்னோட படம் எல்லாம் அதுல இருக்கும், பாத்துக்கோ.”

“அப்ப எனக்குத்தான் மறந்திருக்குமுங்களா?” என்று தனக்குள் கேட்டுக்கொள்வதுபோல் கேட்டாள். அந்தக் குரலில் இருந்த தடுமாற்றம் லோகித்துக்கு இனித்தது. எட்டு வருடத்தில் அவளை முதன்முறையாகத் தனக்குக் கீழே பார்த்தார். வெட்கமும் இருந்தது, ஆனால் இனிப்புதான் அதிகம்.

திண்டுக்கல்லில் ஒரு பல் மருத்துவர் இருந்தார். லோகித்தின் எழுத்தில் குற்றம் கண்டுபிடிப்பதே அவர் பொழுதுபோக்கு. ‘இந்தத் தகட்டுக்கு அடி கிடையாது’ என்ற வரி அவரை உறுத்தியிருக்கிறது. பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்து படத்தைப் பெருக்கிக்கொண்டே போனார். நூறு மடங்கு, ஐந்நூறு மடங்கு. துளசிமணியின் வலக்கண் திரை முழுக்க வந்தது. கருவிழியில் தேங்காய்க் குவியலும் தார்ப்பாயும் தெரிந்தன. இன்னும் பெருக்கினார். குவியலுக்கு எதிரே குந்தியபடி பச்சைத் துப்பட்டா போட்ட ஒரு பெண். கையில் கேமரா, அவள் முகத்தைக் கேமராவே மறைத்திருந்தது. அவள் தோளுக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, லோகித்.

கை வெறும் கை. அதோடு விஷயம் முடிந்திருந்தால் திருட்டு என்று நாலு நாள் பேசிவிட்டு விட்டிருப்பார்கள். அந்த முகம் விடவில்லை. உதடு சிரித்தபடி இருந்தது. கன்னத்தின் ஒரு நரம்பு இழுத்துக்கொண்டிருந்தது. கண் முன்னாலிருந்த பெண்ணின் பிடரியிலேயே குத்தி நின்றது. பொறாமை என்ற வார்த்தையைத் தினமும் சொல்கிறவர்கள் அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தார்கள். மருத்துவர் அந்தத் துண்டை வெளியிட்டு ஒரே வரி எழுதினார்: “லோகித் சார் சொன்னது சரிதான், அடியே இல்லை.”

வெள்ளிக்கிழமைக்குள் அந்த முகத்தைப் பார்க்காதவர் இல்லை. சங்கம் அவர் பெயரை அடித்தது. மூலப்படத்தில் பிரகதியின் பெயர் ஏறியது. ‘முதல் பார்வை’யை இருபத்திரண்டு வருடம் படித்தவர்கள் ஒரே வாரத்தில் கலைந்துபோனார்கள். சஷ்மிதா திட்டவில்லை. தங்கையிடம் மட்டும் மெதுவாக, “நான்தான் அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன்” என்றாள். லோகித்துக்குத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மூன்றாவது வாரம் பிரகதி நேரில் வந்தாள். லோகித் எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்பதற்கு நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். அவள் கையை அசைத்து அதைத் தள்ளிவிட்டாள்.

“அதெல்லாம் வேண்டாமுங்ணா. கம்பெனியில இருந்து உங்களுக்கும் காயிதம் வந்துதுங்களா?”

வந்திருந்தது. முழுவிழியின் உலக விளம்பரத்துக்கு அந்தக் கண்ணைத்தான் எடுத்திருந்தார்கள். ஒரு பெண்ணின் கண், அதற்குள் போகப் போக ஒரு மனிதனின் முகம். எல்லா ஊரிலும், எல்லா விமான நிலையத்திலும் வைப்பார்களாம். கேமராவைக் கையில் கொடுத்தபோதே ஒப்பந்தப்படி படத்தின் உரிமை கம்பெனிக்குப் போய்விட்டது. முகம் இருக்கிறவரின் சம்மதம் மட்டும்தான் பாக்கி. கடிதத்தோடு வந்த, விரலால் ஒப்பமிடும் பலகை மேசைமேல் இருந்தது. லோகித் இரண்டு வாரமாக அதைத் தொடவில்லை.

“குடுத்துராதீங்கண்ணா” என்றாள் பிரகதி. “உங்களுக்கும் அதுதான் நல்லது. நாலு மாசம் போனா மறந்துருவாங்க. அந்த விளம்பரம் வந்துச்சுன்னா சாகிற வரைக்கும் உங்க முகத்தை மறக்கமாட்டாங்க.”

“எனக்கு நல்லதுன்னு சொல்லவா உடுமலையில இருந்து வந்தே?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கொட்டிவிட்டாள். “அந்தக்கா கேக்குற ஒரு நொடிக்காக அவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன். இப்ப அவங்களை யாராவது பாக்கறாங்களா? படத்தைத் திறந்ததும் நேரா கண்ணுக்குள்ள போயிடறாங்க. அங்க நீங்க நிக்கறீங்க. நேத்து ஒரு விருதுக்குழுவுல இருந்து பேசினாங்க. இந்த நூற்றாண்டோட பெரிய முகம்னு சொல்றாங்க. யாரு முகத்தை? அதை நான் எடுக்கவே இல்லீங்கண்ணா! நீங்க பின்னாடி நின்னதே எனக்குத் தெரியாது. நான் எடுத்த நல்ல படம் அது. அதுல நல்லா இருக்கறது உங்க மூஞ்சின்னா எனக்கு எப்படி இருக்கும்?”

கடைசி வாக்கியத்தில் அவள் உதடு சிரிக்கப் பார்த்தது. கன்னத்தில் ஒரு நரம்பு இழுத்தது. லோகித் அந்த முகத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டார். எதையும் பெருக்கிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எட்டு வருடமாகத் தான் சுமந்த நெருப்பு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்கு உச்சி குளிர்ந்தது.

அவள் சொன்னது அத்தனையும் நியாயம் என்று அவருக்குத் தெரியும். மறுத்தால் நாலு மாதத்தில் வெளியில் தலைகாட்டலாம். சஷ்மிதா கோயிலுக்குத் தனியாகப் போய்வர வேண்டியிருக்காது. பிரகதியின் படமும் பிரகதியிடமே திரும்பிப் போய்ச் சேரும். கடைசியாக நினைத்ததை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

பலகையை இழுத்து ஒப்பமிட்டார்.

“அண்ணா!” பிரகதி பாதி எழுந்துவிட்டாள். “உங்க மானத்தை ஊரூரா ஒட்டப்போறாங்க. தெரிஞ்சுதான் போட்டீங்களா?”

“தெரியும்மா” என்றார் லோகித்.

அவள் அப்படியே நின்று அவரைப் பார்த்தாள். காலை வெயில் ஜன்னல் வழியாக அவள் முகத்தில் பாதிக்கு விழுந்திருந்தது. எதையும் மறைக்க மறந்துபோன முகம். கையில் ஒரு கேமரா இருந்திருந்தால், தன் வாழ்நாளிலேயே நல்ல படத்தை இப்போது எடுத்திருக்கலாம் என்று லோகித்துக்குத் தோன்றியது. அதை யார் எவ்வளவு பெருக்கிப் பார்த்தாலும், அவள் கண்ணுக்குள் அவர் ஒருவர்தான், கையில் கேமராவோடு நிற்பார்.