மணிச்சத்தம் எட்டாத சரிவு

பேருந்து அவர்களை மலையடியில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனபோது வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. அக்டோபர் மாதத்து வெயில். தேன் நிறம்தான், சூடு கிடையாது. ஸ்தாரா பிளானினா மலை முழுக்க பீச் என்ற காட்டு மரங்கள் பற்றி எரிவதுபோல் நின்றன. அடிவாரத்தில் மஞ்சள், நடுவில் செம்பு, உச்சியை ஒட்டி உறைந்த ரத்தத்தின் சிவப்பு. இதைப் பார்க்கத்தான் வருடாவருடம் ஊரே பையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறது.

நெவேனா அதைப் பார்க்க வரவில்லை.

சென்ற ஆண்டு இதே வாரத்தில் அவள் கணவன் ஸ்விலென் இந்த நிறங்களைப் படமெடுக்கத் தனியாக ஏறினான். மூடுபனி இறங்கியது. மறுநாள் பாறைச் சரிவின் அடியில் அவனைக் கண்டெடுத்தார்கள். ஓராண்டு நினைவுக்காகச் சர்க்கரை தூவிய அவித்த கோதுமையை டப்பாவில் எடுத்து வந்திருந்தாள். கூட வந்தவள் ஸ்விலெனின் அக்கா ராய்னா. தம்பியைப் புதைத்த அன்றுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்.

"உயிரோட இருந்தப்பவும் சொன்ன பேச்சு கேக்கல. செத்தும் என்னை மலை ஏத்துறான் பாரு," என்றாள் ராய்னா, மூச்சிரைக்க.

"மெதுவா வாங்க அண்ணி. மலை எங்கயும் ஓடிடாது."

"மலை ஓடாதுடி. என் முட்டிதான் கழண்டு ஓடிடும்."

மலைவிடுதியை அடைந்தபோது அவள் முட்டி உண்மையாகவே வீங்கியிருந்தது. விடுதிக்காரர் தோப்ரி இருவருக்கும் பீன்ஸ் சூப் கொடுத்தார். கோதுமையில் ஒரு கரண்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்," என்றார். அந்தச் சரிவுக்கு நெவேனா தனியாகப் போவதாகச் சொன்னதும் வானத்தைப் பார்த்தார்.

"விளிம்புக்கு முன்னாடியே நின்னுடுங்க. பனி இறங்கினா மணி அடிப்பேன். எதையும் யோசிக்காதீங்க. சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்துடுங்க."

ராய்னா முற்றத்து பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தாள். நெவேனா காட்டுக்குள் நடந்தாள்.

கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு கிடந்தது. சரிவின் விளிம்புக்குச் சற்று முன்னால் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு பிடி கோதுமையை வேரின்மேல் தூவினாள்.

"ஸ்விலென், நான் வந்திருக்கேன்."

இலைகள் உதிர்ந்தன, அவ்வளவுதான். பேய் என்றால் ஊரே பயப்படும். நெவேனா ஓராண்டாக அதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தாள். கதவு தானாகத் திறக்காதா, மாடிப்படியில் காலடி கேட்காதா என்று இரவெல்லாம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கிடந்தாள். ஒரு கனவில்கூட அவன் வரவில்லை.

அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது, எதிரில் நின்ற மரம் இல்லை.

பனி பள்ளத்திலிருந்து ஏறி வந்திருந்தது. சிவப்பும் மஞ்சளும் ஒவ்வொன்றாக அணைந்தன. நனைந்த கம்பளியின் வாடையும் காளான் அழுகும் வாடையும் வந்தன. தொலைவில் விடுதி மணி ஒலித்தது. மெல்லிய சத்தம். அவள் எழுந்து அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா."

முதுகுக்குப் பின்னால். மிக அருகில்.

"நீங்க எதையோ காது குடுத்துக் கேக்குறீங்களே. என்ன கேக்குது?"

கல்லூரிப் பருவத்துப் பெண். பின்னிய சடை, கம்பளித் தொப்பி. ஒரு காலில் மட்டும் ஷூ இருந்தது.

"மணி அடிக்குதே," என்றாள் நெவேனா. "உனக்குக் கேக்கலையா?"

"எனக்கு எதுவும் கேக்கல." பெண் சுற்றிலும் பார்த்தாள். "நாங்க நிறைய பேர் வந்தோம். ஷூ நாடா கட்டக் குனிஞ்சேன். நிமிர்ந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. ஸோர்னித்ஸான்னு கூப்பிடுவாங்கன்னு நின்னுக்கிட்டே இருக்கேன். யாருமே கூப்பிடல அக்கா."

அவள் ஓரடி நெருங்கி வந்தாள்.

சருகு சலசலக்கவில்லை.

ஓடச் சொன்னது நெவேனாவின் உடம்பு. ஆனால் வாய் வேறொன்றைக் கேட்டது.

"இங்க ஒருத்தரைப் பாத்தியா? உயரமா இருப்பார். கழுத்துல கேமரா மாட்டியிருப்பார்."

"பாத்தேனே. பாவம், அவரும் வழி கேட்டார். எனக்கே தெரியாதப்ப நான் என்னன்னு சொல்ல?"

"எங்க? எந்தப் பக்கம்?"

பெண் வெண்மைக்குள் கையை நீட்டினாள். மணிச்சத்தத்துக்கு நேர் எதிர்த் திசை.

நெவேனா நடந்தாள். நடந்தாளா, ஓடினாளா, அவளுக்கே தெரியாது. "ஸ்விலென்! ஸ்விலென்!" காலில் பட்ட ஒரு கல் உருண்டது.

அது விழுந்த ஓசை வரவில்லை.

வெகுநேரம் கழித்து, அடியாழத்தில், 'டக்' என்றது.

காலுக்கு முன்னால் தரை இல்லை. அந்த விளிம்பில் அவள் நின்றாள். இன்னும் ஒரே ஓர் அடி வைத்தால் அவன் இருக்கும் இடம். வைத்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

"என்னை விட்டுட்டுப் போகாதீங்க அக்கா," என்று பின்னால் அந்தப் பெண் கெஞ்சினாள். "இங்க ரொம்பக் குளிருது."

யார் பெற்ற பிள்ளையோ. எந்த வீட்டில் இன்னும் எவள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ. நெவேனா கண்ணை இறுக மூடித் திறந்தாள். திரும்பி வந்து கையை நீட்டினாள்.

"வா. கையைப் புடிச்சுக்கோ."

கிணற்றடிக் கல்லைத் தொட்டதுபோல் தோள்வரை குளிர் ஏறியது. பெண்ணின் முகம் மாறியது.

"அக்கா... இப்பக் கேக்குது! மணி கேக்குது!"

வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். விடுதியில் சூடாகச் சூப் இருக்குமா, அம்மா திட்டுவாளா என்று. நெவேனா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சருகில் ஒருத்தியின் காலடி மட்டுமே கேட்டது.

விடுதியின் விளக்கு மங்கலாகத் தெரிந்ததும் பெண் நின்றாள்.

"இப்ப எனக்கு வழி தெரியும்," என்றாள். கையை விடுவித்துக்கொண்டாள். "அவரு அங்கயே நிக்கிறாரே. நான் போய்க் கூட்டிக்கிட்டு வரேன்."

"ஸோர்னித்ஸா!"

பனி மட்டுமே இருந்தது.

தோப்ரி மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். "யார்கூடம்மா பேசிக்கிட்டு வந்தீங்க?"

அவள் பெயரைச் சொன்னாள். கயிறு அவர் கையிலிருந்து நழுவியது.

"நான் இங்க வந்த முதல் வருஷம் பனியில காணாமப் போன பொண்ணு," என்றார் மெல்ல. "உள்ளங்கைத் தோல் உரியுற வரைக்கும் அடிச்சேன். விளிம்பைத் தாண்டினா அந்தச் சரிவுக்குள்ள சத்தம் போகாதும்மா. எனக்கு அப்பத் தெரியாது."

நெவேனா கயிற்றை எடுத்து அடிக்கத் தொடங்கினாள். அவர் தடுக்கவில்லை. தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. அவள் நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பனி விலகியது. முற்றம் தெரிந்தது. வேலி தெரிந்தது. அதற்கப்பால் மாலை வெயிலில் காடு மறுபடியும் சிவந்தது. அங்கே ஒருவரும் இல்லை.

முற்றத்தின் மறுகோடியில், காட்டுக்கு முதுகைக் காட்டி ராய்னா உட்கார்ந்திருந்தாள்.

"நெவேனா," என்றாள் அவள், திரும்பாமலே. "தோள்ல இருந்து கையை எடுடி. பனிக்கட்டி மாதிரி இருக்கு."

நெவேனாவின் இரண்டு கைகளும் கயிற்றில் இருந்தன.

தோப்ரி தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணி," என்று கிசுகிசுத்தாள் நெவேனா. "திரும்பாதீங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

ராய்னா அசையவில்லை. ஓராண்டாக வராத கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. வலது கையை மெல்ல உயர்த்தி இடது தோளுக்குக் கொண்டுபோனாள்.

விரல்கள் தோளைத் தொடவில்லை. நடுவில் ஒரு கையின் கனத்துக்கு இடம் விட்டு, அப்படியே மூடிக்கொண்டன.