தூங்க மாட்டேங்கா

“ராத்திரி தூங்க மாட்டேங்கா” என்றாள் கோமதித்தாய்.

எழுதிக்கொண்டிருந்த ஞானரத்தினத்தின் பேனா நின்றது. செத்துப்போன மகளைப் பற்றி ஒரு தாய் ‘தூங்காம இருந்தா’ என்றுதானே சொல்ல வேண்டும்? துக்கத்தில் வார்த்தை தடுமாறுவது உண்டு என்று சமாதானம் செய்துகொண்டு மேலே எழுதினாள்.

அவள் திருநெல்வேலியில் பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர். தாமாக உயிரை முடித்துக்கொண்ட பெண்களின் வீடுகளுக்குப் போய், கடைசி நாட்களில் அவர்கள் எப்படி இருந்தார்கள், யாராவது கவனித்துக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று விசாரித்து எழுதும் ஆராய்ச்சி ஒன்றையும் செய்துவந்தாள். எண்பத்து நாலில் அப்படி வீடு தேடி வந்து கேட்பவர்கள் அபூர்வம். போலீஸ் என்று நினைத்துப் பலர் கதவைச் சாத்தினார்கள். சங்கரன்கோவிலின் இந்தத் தறிக்காரத் தெருவில் கோமதித்தாய் மட்டும், வழி பார்த்திருந்தவள் போல உள்ளே கூப்பிட்டுப் பாய் விரித்தாள்.

பங்குனியில் அவள் மகள் முத்துத்தாயை மேசையில் கிடத்திப் பரிசோதித்தவள் ஞானரத்தினம்தான். எப்படி என்பதை உடல் சொல்லிவிட்டது. ஏன் என்பதைச் சொல்லவில்லை.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய ஆடிக் காற்று ஓட்டு இடுக்குகளில் நுழைந்து முனகியது. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாடை வீடெங்கும் நின்றது. தெரு முழுக்க ஓடிய விசைத்தறிகளின் தடதடப்பு தரை வழியாக ஏறிப் பாயிலும் முழங்காலிலும் அதிர்ந்தது. உள்ளறை வாசலில் திரையாகத் தொங்கிய பழைய சேலை, காற்று ஓய்ந்தபோதும் லேசாக உப்பி அடங்கியது.

“சாப்பாடு எப்படிம்மா? ஒழுங்காச் சாப்பிட்டாளா?”

“வைக்கேன். தொட மாட்டேங்கா.”

“யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசினாளா?”

“பேசுதா. வாய் அசையுது. சத்தந்தான் வர மாட்டேங்கு.”

ஞானரத்தினம் நிமிர்ந்து பார்த்தாள். கோமதித்தாயின் கண்களில் கலக்கம் இல்லை. நாட்பட்ட நோயாளியைப் பார்த்துக்கொள்பவளின் சலிப்பும் பிரியமும்தான் இருந்தன. இவளைத் தனியே விடக்கூடாது, உறவுக்காரர்கள் யாரையாவது வரச்சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

“வீட்டுல உங்களோட வேற யாரு இருக்கா?”

“நானும் அவளுந்தான்.”

அப்போது கரண்ட் போனது.

தெருவின் தறிகள் எல்லாம் ஒன்றாக ஓய்ந்தன. காதை அடைத்தது அமைதி. அந்த அமைதிக்கு அடியில், இத்தனை நேரமும் தறிச் சத்தம் மூடிவைத்திருந்த ஒரு சத்தம். கிரீச்... கிரீச்... திரைக்குப் பின்னால், கையால் சுற்றும் நூல் ராட்டை.

கோமதித்தாயின் இரண்டு கைகளும் அவள் மடியில்தான் இருந்தன.

“யாரும்மா அது?”

“தறிக்குத் தார் நூல் சுத்துதா. பகலெல்லாம் அதுதான் வேலை.” அவள் எழுந்து வந்து ஞானரத்தினத்தின் கையைப் பிடித்தாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கா, டாக்டரம்மா. கேட்டாத் தலையக் குனிஞ்சுக்கிடுதா. பெத்தவட்டச் சொல்லக்கூடாத என்னத்த நெஞ்சுல வச்சிருக்காளோ... நீங்க படிச்சவுக. ஏன்னு நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க.”

உதறிவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் அந்தக் கை கெஞ்சியது. அதை உதற முடியவில்லை.

திரை விலகியது.

இருட்டு. மூலையில் ஒரு முதுகு. சுற்றும் கை.

“ஏட்டி முத்து, யாரு வந்திருக்காவன்னு பாரு.”

முதுகு திரும்பியது. மெதுவாக.

அவள் சுற்றியது தறி நூல் அல்ல. தடித்த வெள்ளை நூல். அவள் மார்பின் நடுவிலிருந்து வந்துகொண்டிருந்தது. தையல் தையலாக. அவிழ்ந்து அவிழ்ந்து. ராட்டையில் ஏறி ஏறி.

ஞானரத்தினம் போட்ட தையல்.

அந்த முகத்தில் கோபமே இல்லை. அவ்வளவு களைப்பு. உதடு பிரிந்தது.

“அம்மாவ வெளிய போகச் சொல்லுங்கக்கா” என்றாள் முத்துத்தாய். “சொல்லுதேன்.”

கை நிற்கவில்லை. கழுத்தடியில் இன்னும் கொஞ்சம் தையல் மீதி இருந்தது.