கேபிளைப் பிடித்த கை

நண்டு பக்கத்தில் போனாலே சுருங்கிக்கொள்ளும் பூக்கள் அன்றைக்குச் சுருங்கவில்லை.

அதை முதலில் பார்த்தது அவள்தான். ஜாய்ஸ்டிக்கிலிருந்து விரலை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூரியனையே அறியாத ஆழத்தில், சேறு படிந்த சரிவு முழுக்கப் பவளச் செடிகள் நின்றன. நீரில் மிதந்த தூசி இடமிருந்து வலமாக மெல்லப் போய்க்கொண்டிருந்தது. இரை வருகிற பக்கம்தான் பவளப்பூக்கள் திரும்பி நிற்கும். பூ என்று சொன்னாலும் ஒவ்வொன்றும் ஓர் உயிர், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வாய். ஆனால் இப்போது அத்தனையும் நீரோட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்தன.

"நீரோட்டம் மாறிடுச்சா?" பின்னால் உட்கார்ந்திருந்த விஞ்ஞானி கேட்டாள்.

"இல்ல மேடம். அதே பக்கம்தான்."

"அப்ப ஏன் இப்படித் திரும்பியிருக்கு?"

அவள் நண்டைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினாள். கயிறு போன்ற நீண்ட கேபிளின் முனையில், கப்பலுக்கு வெகு கீழே தொங்கிய அந்த இயந்திரத்துக்கு ஆவணங்களில் ஏதோ நீளமான பெயர் இருந்தது; ஒற்றை இரும்புக் கையும் உருண்டைக் கண்களும் இருந்ததால் கப்பலில் எல்லோருக்கும் அது நண்டுதான். நண்டு வலப்பக்கம் போக, பூக்களும் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் திரும்பின.

மேல்தளத்தில் நிறுத்தி வைத்த சரக்குப் பெட்டிதான் அவர்களுடைய கட்டுப்பாட்டு அறை. ஜன்னல் கிடையாது. வெளியே முற்பகல் வெயில் இரும்பைக் காய்ச்சிக்கொண்டிருக்க, உள்ளே திரைகளின் நீல வெளிச்சத்தைத் தவிர வேறு வெளிச்சமில்லாமல், சூடேறிய வயரும் ஈரக் காலுறையும் ஆறிப்போன காபியும் கலந்த வாசனையோடு எப்போதும் நடுநிசியாகவே இருக்கும். குளிர்சாதனம் ஒரே சுருதியில் முனகும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கேபிளை உருளையில் சுற்றி ஏற்றி இறக்குகிற வின்ச் அவ்வப்போது நோயாளி புரண்டு படுப்பதுபோல் ஒரு சத்தம் போடும். அந்த வின்சை இயக்குபவன் அவளுடைய அண்ணன்.

அண்ணனை நினைத்ததும் காது சுட்டது. நேற்றிலிருந்து அப்படித்தான்.

நேற்று இதே சரிவில் அந்த வெள்ளை மரத்தைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு ஆள் உயரம், கிளைக்குக் கிளை பால் நிறம். "நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் பிறக்கறதுக்கு முன்னாடியிருந்தே இது இங்க நிக்குது" என்று விஞ்ஞானி கிசுகிசுத்தாள், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல். பிறகு மாதிரிகளைப் பார்க்க ஆய்வகத்துக்குப் போனாள். இரும்புக் கையை இயக்குபவர் டீ குடிக்கப் போனார். அவருக்குக் கைக்காரர் என்று பெயர். கடலடியில் முட்டையைக்கூட உடையாமல் எடுப்பார், வீட்டில் டம்ளரை நகர்த்தி வைக்க மாட்டார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

பெட்டியில் அவள் மட்டும். நண்டைத் திருப்பியாயிற்று. பின்பக்கக் கேமராவின் சின்னத் திரையில் வெள்ளை மரம் சட்டம் போட்ட படம் மாதிரி நின்றது. அவளுக்கு ஓர் ஆசை. கைபேசியை எடுத்து, அந்தத் திரை தன் தோளுக்குப் பின்னால் தெரியும்படி சாய்ந்து, சிரித்தாள். முழங்கை ஜாய்ஸ்டிக்கை அழுத்தியது. நண்டு பின்பக்கமாக நகர்ந்தது.

மரம் விழுவதை அவள் கைபேசியில்தான் பார்த்தாள். தன்னுடைய சிரிப்புக்குப் பின்னால், சத்தமே இல்லாமல், சாவகாசமாக, அது சாய்ந்தது.

படத்தை அழித்தாள். பின்பக்கக் கேமராவைப் பதிவு செய்வதில்லை. முன்கேமராவில் ஒரு குலுக்கலும் புழுதியும் மட்டும்தான் பதிவாகியிருந்தன. விஞ்ஞானி மூச்சிரைக்க ஓடி வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்டபோது அவள் வாய் தானாகவே சொன்னது: "மேலேர்ந்து கேபிளை இழுத்துட்டாங்க போல மேடம்."

மேல்தளத்தில் எல்லோர் முன்னாலும் அண்ணனுக்குத் திட்டு விழுந்தது. விஞ்ஞானி திட்டவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அது அதைவிட மோசம். அண்ணன் தங்கையை ஒரு தடவை பார்த்தான். "என் கவனக்குறைவுதான். நாளைலேர்ந்து கேபிள்ல கை வச்சுக்கிட்டே நிக்கறேன். ஒரு சின்ன இழுப்புன்னாலும் தெரிஞ்சுடும்" என்றான். இந்த வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டவன். "நான் கயிறு இழுக்கறவன், என் தங்கச்சி கடலையே ஓட்டறவ" என்று துறைமுகம் துறைமுகமாகச் சொல்லித் திரிந்தவன். ராத்திரிச் சாப்பாட்டில் வழக்கம்போலத் தன் முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தான். அவளால் விழுங்க முடியவில்லை.

"நிறுத்து, நிறுத்து. இதானே இடம்?" விஞ்ஞானியின் குரல் அவளை உலுக்கியது.

இடம் அதுதான். ஒடிந்த அடிமரம் சேற்றில் நின்றது. ஆனால் விழுந்த மரத்தைக் காணோம். ஒரு கிளை இல்லை, ஒரு சில்லு இல்லை. சேற்றில் அது விழுந்த தடம் மட்டும் இருந்தது.

"நீரோட்டத்துல போயிருக்குமோ?" என்றார் கைக்காரர்.

"அவ்வளவு பெரிய மரமா?" விஞ்ஞானி முன்னால் குனிந்தாள். "கிட்டப் போம்மா."

போனாள். அடிமரம் உள்ளே கூடாக இருந்தது. நண்டின் விளக்கு அந்த ஓட்டையில் விழுந்தது, அடி தெரியவில்லை. மரத்தின் வேருக்கும் கீழே, பாறைக்கும் கீழே அது போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஒன்றின் வாயில் அடைத்து வைத்த தக்கை போல இத்தனை காலம் அந்த மரம் அங்கே நின்றிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஓட்டையைச் சுற்றி மிதந்த தூசி மெல்ல உள்ளே போனது. நின்றது. வெளியே வந்தது. நின்றது. மறுபடி உள்ளே போனது.

தன் மூச்சும் அந்தத் தூசியும் ஒரே தாளத்தில் போய்வருவதைக் கவனித்து, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தூசியும் நின்றது.

அப்போதுதான் சின்னத் திரையைப் பார்த்தாள். நேற்றிலிருந்து அதன் பக்கம் பார்க்கவே கூசியது. நண்டின் முதுகிலிருந்து மஞ்சள் கேபிள் நிமிர்ந்து இருட்டுக்குள் ஏறியது. கேபிள் நண்டோடு சேருகிற இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. சேறாக இருக்கும். அவள் பெரிய திரைக்குத் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது திட்டு அடியிலிருந்து ஒரு முழம் மேலே வரை நீண்டிருந்தது. நுனியில் குருத்துகள். குருத்துகளில் பூக்கள்.

பவளம் ஒரு விரல்கடை வளரவே வருஷக்கணக்கில் ஆகும். அது அவளுக்கே தெரியும்.

சொல்ல வாய் திறந்தாள். சொன்னால் விஞ்ஞானி எழுந்து வந்து சின்னத் திரையைப் பார்ப்பாள். பார்த்தால், நேற்று இந்தத் திரையில் உனக்கு என்ன தெரிந்தது என்று கேட்பாள். கட்டாயம் கேட்பாள். அவள் வாயை மூடிக்கொண்டாள். கை தானாகப் போய் அந்தத் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தது.

இன்டர்காம் கரகரத்தது. "பாப்பா, கீழ ஏதாவது மாட்டியிருக்கா?" அண்ணன்.

"இல்லண்ணா."

"கேபிள் துடிக்குது. நாடி பிடிச்சுப் பார்த்தா இருக்குமே, அந்த மாதிரி."

"நீரோட்டமா இருக்கும்."

"சரி. நான் கையை எடுக்கல. நீ பயப்படாம ஓட்டு. நேத்து மாதிரி ஆகாது."

அவள் கன்னம் எரிந்தது. கைக்காரர் நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார். "நேத்து வாங்கின திட்டுல உங்க அண்ணன் கேபிளுக்குத் தாலி கட்டாத குறை. காலைலேர்ந்து கையுறைகூடப் போடல. வெறுங்கையிலதான் நல்லாத் தெரியுதாம்."

வெறுங்கை. அவள் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். கேபிளில் மஞ்சளே இல்லை. திரையின் அடியிலிருந்து உச்சி வரை வெள்ளை. உச்சிக்கு மேலே எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. இவ்வளவு ஆழம். இவ்வளவு கேபிள். மேலே போய்ச் சேர நாள் கணக்காகும். அதற்குள் சொல்லிவிடலாம். மேடம் இந்தப் பக்கம் பார்க்காத நேரமாகப் பார்த்து, அண்ணனிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிடலாம். ஏதாவது ஒரு காரணம் வைத்து. நல்ல காரணமாக ஒன்று யோசித்தாள்.

"இங்க ஏதோ சரியில்ல. நண்டை மேல எடுத்துடலாம்" என்றாள் விஞ்ஞானி. "வின்சுக்குச் சொல்லு."

பொத்தானில் விரலை வைத்தாள். இப்போது சொல்ல வேண்டும். 'கையை எடு' என்று. மூன்று பேர் காதிலும் விழும்படி.

"அண்ணா... மேல எடு" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் வின்ச் முனகத் தொடங்கியது. உருளை சுற்றும் சத்தம். பிறகு அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம். பல்லில் மணல் அரைபடுவதுபோல். நொறுநொறுவென்று. சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போனது.

"என்ன அது?" என்றார் கைக்காரர்.

பெரிய திரையில் அடிமரம் கீழே போகவில்லை. வின்ச் சுற்றுகிறது. நண்டு அசையவில்லை. பூக்கள் கேமராவைப் பார்த்தபடி நின்றன. ஓட்டையில் தூசி உள்ளே போனது. வெளியே வந்தது.

அப்படியென்றால் மேலே என்ன வந்துகொண்டிருக்கிறது?

இன்டர்காம் கரகரத்தது. "பாப்பா. கை கொஞ்சம் மரத்துப்போச்சு."

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணா, கையை எடு."

"ஏம்மா? என்ன தெரியுது உனக்கு?" விஞ்ஞானி எழுந்தாள்.

"கையை எடுண்ணா. வின்சை நிறுத்து. கேபிளை விடு."

"எடுக்க வரல பாப்பா." அவன் குரல் நிதானமாக இருந்தது, சின்ன வயதில் அவளைச் சைக்கிள் ஓட்டப் பழக்கியபோது இருந்த நிதானம். "வலியெல்லாம் இல்ல. குளிரா இருக்கு."

விஞ்ஞானி அவள் தோளுக்கு மேலாகச் சின்னத் திரையைப் பார்த்துவிட்டாள். மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "இது எப்பலேர்ந்து? எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்?"

அவள் பொத்தானை அழுத்தியபடியே சொன்னாள். "நேத்து இடிச்சது நான்தான். யாரும் கேபிளை இழுக்கல. போட்டோ எடுக்கப் போய் நான்தான் இடிச்சேன். அண்ணா, நான்தான்."

இன்டர்காமில் காற்றுச் சத்தம். அதற்குள் நொறுநொறுவென்று அந்த அரைபடும் சத்தம்.

"எனக்குத் தெரியும் பாப்பா" என்றான் அண்ணன். "நேத்து நான் கேபிளைத் தொடவே இல்லயே. அதை விடு. நீ வெளிய..."

அந்த வாக்கியம் முடியவில்லை.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். இரும்புக் கதவைத் திறந்ததும் வெயில் கண்ணில் அறைந்தது. ஒரு கணம் எல்லாமே வெள்ளை. கண்ணைக் கசக்கினாள். எல்லாமே வெள்ளையாகத்தான் இருந்தது.

நின்றுபோன உருளை முழுக்க, சுற்றுக்கு மேல் சுற்றாக, ஈரம் சொட்டச் சொட்டப் பவளம். அழுகலும் உப்பும் கலந்த குளிர்ந்த வாசனை. அண்ணன் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். வலது கை கேபிளில். கேபிள் எங்கே முடிந்து கை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சட்டைக்கு உள்ளே கிளைகள் மேடு கட்டியிருந்தன. முழங்கை. தோள். கழுத்துப்பட்டைக்கு வெளியே, காதுக்குப் பின்னால், நுனிக் குருத்துகள்.

"அண்ணா."

கடல் காற்று அவன் பக்கமிருந்து பலமாக அடித்தது. அவன் தலைமுடி காற்றில் பறந்தது. குருத்துகளில் இருந்த பூக்கள் ஒவ்வொன்றாக, காற்றுக்கு எதிராக, அவள் பக்கம் திரும்பின.

பிறகு அவனும் திரும்பினான். மெதுவாக. கண்கள் அவனுடையவைதான். அவளைத் தெரிந்துகொண்ட கண்கள். கோபமே இல்லை அவற்றில்.

ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு இருக்க வேண்டிய இடத்தில், ஈரமாக, வெள்ளைவெளேரென்று அவை நெருக்கியடித்து நின்றன. வெயில் பட்டும் மூடிக்கொள்ளாமல், ஒன்று விடாமல் விரிந்து, அவளைப் பார்த்தன.