ஜெமி வாங்கி வந்த சீட்டு

ஜெமி ஜெர்மனிக்குப் போகிறாள் என்ற செய்தி, பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அத்தைக்குத்தான் முதலில் தெரிந்தது. அதுதான் நியாயமும்கூட. அவளை அங்கே அனுப்பியதே அத்தையின் இரண்டு மாடுகள்தான்.

ஜெமி ராஜபாளையத்தில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அத்தை தினமும் பால் கறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் கடை ஒன்றுக்கு பஸ்ஸில் கொண்டுபோவார். வெயில் ஏற ஏறப் பால் குறைகிறது என்று அவர் புலம்பியதைக் கேட்டு, ஜெமி ஒரு வருடம் முழுக்க ஒரு நோட்டில் குறித்து வைத்தாள். இன்றைக்கு இத்தனை டிகிரி வெயில், இத்தனை லிட்டர் பால்.

அந்த நோட்டு பள்ளிக் கண்காட்சிக்குப் போனது. பிறகு மாவட்டம், மாநிலம் என்று போய், கடைசியில் ஜெர்மனியில் நடக்கும் உலகப் பருவநிலை மாநாட்டில் மாணவர்கள் பேசும் மேடைக்கே அவளைக் கூப்பிட வைத்துவிட்டது.

"ஏட்டி, அங்க யாரெல்லாம் வருவாங்க?" என்று அத்தை கேட்டார்.

"பல நாட்டு மந்திரிங்க வருவாங்க அத்தை."

"அப்ப மனு குடுத்துரலாம்."

அத்தை மனு கொடுப்பதில் கெட்டிக்காரி. அதிகாரிகள் மனு வாங்கும் நாள் என்றால், பால் ஊற்றிய கையோடு தெருவுக்காக ஒரு மனுவும் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். இது அந்த மாதிரி இடம் இல்லை என்று ஜெமி சொல்லிப் பார்த்தாள். பெரிய ஆட்கள் உட்கார்ந்து குறை கேட்கிற இடத்துக்கு வேறு என்ன பெயர் என்று அத்தை திருப்பிக் கேட்டார்.

மறுநாள் ஜெமியின் வீட்டு வாசலில் கூட்டம். தை மாதம் பெய்த மழையில் மாம்பூ எல்லாம் கொட்டிப்போனதை எழுதிக்கொண்டு மாந்தோப்புப் பாண்டிதுரை வந்தார். நூல் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கும் சமுத்திரம், பகல் வெக்கையில் கண்ணை மூட முடியவில்லை என்று எழுதியிருந்தார். சோணைமுத்து மாமாவின் மனுவில், தெருவிளக்கு எரியவில்லை என்று இருந்தது.

இது இதில் சேராது மாமா என்றாள் ஜெமி. "போறதுதான் போற, இதையும் சேத்துக் குடுத்துரு" என்று அவர் அதைக் கட்டுக்குள் செருகிவிட்டார். மொத்தம் பதினேழு மனுக்கள்.

கிளம்பும்போது அத்தை பால்கோவாப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தார்.

"சும்மா குடுத்துட்டு வந்துராத. வாங்கினதுக்குச் சீட்டு வாங்கிக்கோ. சீட்டு இல்லேன்னா, நாம குடுக்கவே இல்லன்னு அர்த்தம்."

"வாங்கிட்டு வாரேன் அத்தை" என்று ஜெமி வாக்குக் கொடுத்தாள்.

கூட வந்த கிருபாபாய் டீச்சர், விமானத்திலேயே எல்லா மனுக்களையும் ஆங்கிலத்தில் எழுத உதவினார். சிக்கல் இறங்கிய பிறகுதான் ஆரம்பித்தது.

மாநாட்டுக் கட்டடத்தில் சாப்பிட ஓர் இடம் இருந்தது. செல்போனுக்கு சார்ஜ் போடக்கூட ஓர் இடம் இருந்தது. மனு வாங்க மட்டும் இடமே இல்லை. முதல் இரண்டு நாளும் ஜெமி ஒவ்வொரு மேசையாகக் கேட்டாள். எல்லோரும் அழகாகச் சிரித்துக் கையை விரித்தார்கள். ஊரில் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்றார் டீச்சர். பதினேழு பேரும் வாசலில் வந்து நிற்பதை நினைத்தபோது ஜெமிக்கு அழுகை முட்டியது.

மூன்றாம் நாள் காலை, ரொட்டியைக் கடித்துக்கொண்டே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சீட்டு கிடைக்காவிட்டால் என்ன, நாமே எழுதிக்கொள்ளலாம். நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்துப் பதினேழு சீட்டுகள் தயாரித்தாள். ஒவ்வொன்றிலும் எண், பெயர், 'மனு பெற்றுக்கொண்டோம்', 'பதில் தரும் நாள்' என்று ஆங்கிலத்தில் எழுதி, நாளுக்கும் கையெழுத்துக்கும் இடம் விட்டாள்.

மேடையில் மூன்று மந்திரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஜெமி ஏழாவதாகப் பேசினாள். முப்பத்தைந்து டிகிரியில் பதினான்கு லிட்டர், நாற்பத்தொரு டிகிரியில் பத்து லிட்டர் என்று மாடுகளின் கணக்கைச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். நடுவில் இருந்த மந்திரி அம்மா, "உங்கள் குரல் எங்களுக்குக் கேட்டது" என்றார். முன்னால் பேசிய ஆறு பேருக்கும் அவர் அதையேதான் சொல்லியிருந்தார்.

ஜெமி இறங்கவில்லை. "அப்படியென்றால் சீட்டு தருவீர்களா?" என்று கேட்டாள்.

டீச்சர் கண்களை மூடிக்கொண்டார். எங்கள் ஊரில் மனுவை வாங்கினால் சீட்டு தருவார்கள் என்று ஜெமி விளக்கிவிட்டு, மனுக் கட்டையும் பதினேழு சீட்டுகளையும் அவர்கள் மேசையில் வைத்தாள். சிலர் சிரித்தார்கள். மந்திரி அம்மா சிரிக்காமல் ஒவ்வொன்றாகப் படித்தார். தெருவிளக்கு மனுவில் மட்டும் அவர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கும் சீட்டு உண்டா என்று கேட்டார். உண்டு, எல்லாவற்றுக்கும் உண்டு என்றாள் ஜெமி.

கையெழுத்தை அவர் மளமளவென்று போட்டார். 'பதில் தரும் நாள்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மற்ற இரண்டு மந்திரிகளும் எட்டிப் பார்த்தார்கள். மூவரும் வெகுநேரம் கிசுகிசுத்தார்கள். ஜெமி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் அவர், அடுத்த வருட மாநாடு தொடங்கும் தேதியைப் பதினேழு சீட்டுகளிலும் எழுதினார்.

அவள் திரும்பியபோது, ஏதோ ஒரு தீவிலிருந்து வந்த பையன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவர்கள் தெருவுக்குள் கடல் வருகிறதாம். தனக்கும் ஒரு தாள் கிடைக்குமா என்று கேட்டான். ஜெமி நோட்டில் மீதமிருந்த வெற்றுத் தாள்களைக் கிழித்து அவனுக்குக் கொடுத்தாள். அவனுக்குப் பின்னால் நின்ற ஐந்து பேருக்கும் கொடுத்தாள். மந்திரிகள் அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குத் தாமதமாகத்தான் போனார்கள்.

ஊர் திரும்பியதும் செல்லத்தாய் அத்தை சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கையெழுத்து இருக்கு. தேதியும் இருக்கு. கெட்டிக்காரிதான்ட்டி நீ."

அன்றே காலண்டரின் கடைசித் தாளில் அந்தத் தேதியைப் பெரிதாக எழுதிவைத்தார்.

"சொன்ன நாள்ல பதில் வரலன்னா, அடுத்த தடவ நாம ரெண்டு பேருமாப் போவோம்" என்றார்.

ஜெமி அதை விளையாட்டு என்று நினைத்தாள். மறுநாள் பால் ஊற்றிவிட்டு வரும்போது, பாஸ்போர்ட்டுக்கு யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று அத்தை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்.