கருவாட்டு டப்பாவில் பட்டி பிளேடு

நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போகும் வழியில் உள்ள அந்தத் தெருவில், ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் நாலு வீடு தள்ளி "இன்னைக்கு ரசமா?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட தெருவில் அடைக்கலராஜின் பிளேடு துருப்பிடித்த செய்தி மட்டும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுமா என்ன?

அடைக்கலராஜ், பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிரின்ஸியின் அப்பா. வீடுகளுக்கு ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர். வெள்ளை வெளேரென்ற ஜிப்சம் பலகைகளை மேலே பொருத்துவார். இரண்டு பலகைகள் சேருகிற இடத்தில் பட்டி என்கிற வெள்ளைப் பசையைத் தடவி, கோடே தெரியாமல் மெழுகிவிடுவார். தடவுவதற்குத்தான் அந்தத் தகட்டுப் பிளேடுகள். குட்டையாக ஒன்று, அகலமாக ஒன்று, மூலைக்கென்று மடங்கியதாக ஒன்று.

கையில் அத்தனை சுத்தம். வாயில்தான் கோளாறு. யாரிடமாவது "வேண்டாம்" என்று சொல்ல நேர்ந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்ததும் பிளேடுகளைக் கழுவாவிட்டால் பட்டி கல்லாக இறுகிவிடும். கழுவினால் ஈரம். அந்த ஈரத்தோடு சாக்குப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். கடற்காற்று சும்மா இருக்குமா? பிளேடெல்லாம் பழுப்பாகப் பூத்துவிட்டது.

அந்தத் துரு, சபரிநாதன் வீட்டு ஹாலில் போய்த் தன் வேலையைக் காட்டியது. புது சீலிங்கில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு பழுப்புக் கோடு.

"பால்ல டிக்காஷன் சொட்டின மாதிரி இருக்கு மேஸ்திரி," என்றார் சபரிநாதன். "பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு வர்றவங்க மாப்பிள்ளையப் பாப்பாங்களா, இந்தக் கோட்டைப் பாப்பாங்களா? கடைசிப் பூச்சுலயும் இது தெரிஞ்சா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்."

அடைக்கலராஜ் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். அவர் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது.

"அரிசிக்குள்ள பொதச்சு வைங்கண்ணே, செல்போனே காயுது," என்றார் மளிகைக்கடை சித்தீக். அரிசி விற்பவர் வேறென்ன சொல்வார்?

பக்கத்து வீட்டுக் காளியம்மாள் வெறும் யோசனையோடு நிற்கவில்லை. அவள் சந்தையில் கருவாடு விற்கிறவள். திருகு மூடி போட்ட பெரிய நீல டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள்.

"கடல்ல தூக்கிப் போட்டாலும் இதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போவாது தம்பி. சோப்புப் போட்டுக் கழுவியிருக்கேன். மழ விடுற வரைக்கும் பிளேடெல்லாம் இதுல போட்டு வெச்சுக்க."

"எதுக்குக்கா ஒங்களுக்குச் சிரமம்," என்றார் அடைக்கலராஜ். அவரைப் பொறுத்தவரை அது பெரிய மறுப்பு. டப்பா உள்ளே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் மூடியைத் திறந்தார்கள். பழுப்பாக இருந்தவை இப்போது செங்கல் நிறம். போதாததற்கு நெத்திலி வாடை.

அடைக்கலராஜ் பிளேடுகளை அள்ளிக்கொண்டார். கொல்லைப்புறம் போய் உட்கார்ந்து எமரி பேப்பரால் தேய்த்தார். அதுவும் எப்படி? காளியம்மாளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, எலி சுரண்டுவதுபோல. சாயங்காலம் அவள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"டப்பாவுல வெச்சாச்சா தம்பி?"

"வெச்சாச்சுக்கா."

வைத்தும் விட்டார். இப்படியே காலையில் தேய்ப்பதும் மாலையில் வைப்பதுமாக வாரம் ஓடியது. தேய்க்கத் தேய்க்க பிளேடின் ஓரம் பல்லுப் பல்லாகிக்கொண்டு வந்தது. அவர் வேலைக்குப் போகும்போது தெருப் பூனைகள் இரண்டு மரியாதையாகப் பின்னால் நடந்தன. அந்தப் பக்கம் சந்தையிலோ, தன் டப்பா அடைக்கலராஜின் பிழைப்பையே காப்பாற்றிய கதையைக் காளியம்மாள் ஒவ்வொரு கருவாட்டுப் பொட்டலத்தோடும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குப்பா திரும்பத் திரும்ப அதுலயே வெக்கிறீங்க?" என்று கேட்டாள் பிரின்ஸி.

"அக்கா ஆசையாக் குடுத்துச்சு. வேணாம்னா மனசு நொந்துபோவும்."

"எங்கிட்ட மட்டும் அந்த அக்கா, நான் சுட்ட கேக்குல முட்ட வாட அடிக்குதுன்னு மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க," என்றாள் அம்மா எல்சி. "நான் நொந்தா போயிட்டேன்?"

"போன கிறிஸ்மஸ் கத அது. இன்னும் சொல்லிக்கிட்டுதானே இருக்க," என்றார் அப்பா.

கடைசிப் பூச்சு சனிக்கிழமை. அதிலும் கோடு விழுந்தால் அந்த வேலை போகும். இந்தத் தெருவில் ஒரு வேலை போனால் அது தனியாகப் போகாது. பேரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிரின்ஸி கொல்லைத் திண்ணையில் இருந்த டப்பாவின் முன்னால் உட்கார்ந்தாள். மூடியைத் திருகினாள். மூடியின் உட்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. வெளியிலிருந்து தண்ணீர் போக வழியே இல்லையே, இது எங்கிருந்து வந்தது? பிளேடு கழுவிய ஈரம்தான். உள்ளே போக வழியில்லாத டப்பாவில் வெளியே போகவும் வழியில்லை.

விரலால் தொட்டாள். அம்மா பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு நக்கினாள்.

கரித்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத உப்பு, மூடியின் திருகு மரைக்குள் குந்தியிருந்தது.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் டப்பாவை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அப்பாவை நம்பினால் பிளேடெல்லாம் கரைந்து கைப்பிடிதான் மிஞ்சும்.

இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. தெரு வழக்கம் அது. பிரின்ஸி கொல்லையில் ஒரு பிடி முருங்கைக்கீரை ஒடித்து டப்பாவின் அடியில் போட்டாள். டப்பாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"ஏ புள்ள, இத்துனூண்டு கீரைக்கு இம்மாம் பெரிய டப்பாவா?" என்று சிரித்தாள் காளியம்மாள்.

"அத்தை, ஒரு சந்தேகம். சரியாக் காயாத கருவாட்ட இதுல போட்டு மூடினா என்ன ஆவும்?"

"புழு வெக்கும். யார்கிட்ட வந்து கேக்குற பாரு."

"அப்ப காயாத பிளேடப் போட்டு மூடினா?"

காளியம்மாள் கீரையை எடுத்த கையை அப்படியே நிறுத்தினாள். மூடியைத் திருப்பிப் பார்த்தாள். மரையை நகத்தால் சுரண்டினாள்.

"ரொம்பவா துருப்பிடிச்சிருச்சு?"

"ஆமா அத்தை. அப்பா தெனம் தேய்க்கிறாரு."

"அந்த எலிச் சத்தம் அதுதானா? நான் பொறி வேற வெச்சேன்." இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஒங்கப்பன் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

"வருத்தப்படுறதா வேணாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்? இதுக்காவே நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் அவனோட பேசமாட்டேன். போய்ச் சொல்லிரு."

சொல்லிவிட்டுத் தானே உள்ளே போய், பழைய வலைத்துண்டு ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள். "மழ நாள்ல கருவாட்ட நான் இதுலதான் தொங்கவிடுவேன். நல்லாத் தொவச்சு நெழல்ல காயவெச்சிருக்கேன். நீயும் ஒரு தடவ நக்கிப் பாத்துக்க."

பிரின்ஸிக்குக் காது சிவந்துவிட்டது. நக்கியது இவளுக்கு எப்படித் தெரியும்? மதில் குட்டை, அவ்வளவுதான்.

அன்றைக்கே ஏற்பாடு நடந்தது. துருவை ஒரேயடியாகத் தேய்த்து எடுத்து, பல்லுப் பல்லாக இருந்த ஓரத்தை அரத்தால் அப்பா சமன் செய்தார். கழுவியதும் காய்ந்த துணியால் துடைத்தாள் பிரின்ஸி. மின்விசிறிக்குக் கீழே பரப்பி ஆறவிட்டாள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவினாள்.

"எண்ண பட்டா பட்டி ஒட்டாதேம்மா," என்றார் அப்பா.

"காலையில தொடச்சிட்டு எடுத்துட்டுப் போங்கப்பா. தலைக்கு எண்ண வெச்சா அப்படியேவா பள்ளிக்கூடம் போறோம்?"

"நீ அப்படித்தான் போற," என்றாள் எல்சி.

அறைச்சுவரில் வலையைக் கட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பிளேடுகளைத் தொங்கவிட்டார்கள். காலையில் பார்த்தபோது அவை பளபளவென்று இருந்தன. மூலை பிளேடில் பிரின்ஸி தன் பல்லைப் பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கடைசிப் பூச்சு முடிந்தது. பூசியது காய்ந்ததும் சபரிநாதன் ஹாலுக்குள் வந்தார். நின்று பார்த்தார். கழுத்து வலித்தது. தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து மூலை மூலையாகத் தேடினார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பிரின்ஸி கதவோரம் தூக்குவாளியோடு நின்றாள்.

"மேஸ்திரி, அந்தக் கோடியில என்னமோ கறுப்பாத் தெரியுதே."

எல்லோரும் பார்த்தார்கள். அது நகர்ந்தது.

"பல்லிங்க," என்றார் அடைக்கலராஜ். "அது நம்ம கணக்குல வராதுங்க."

சபரிநாதன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். குறை கிடைக்காத ஏமாற்றம் முகத்தில் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. "சரி, அப்படியே உள் ரூமையும் முடிச்சுக் குடுத்துருங்க," என்றார்.

அன்று சாயங்காலம் எல்சி கொண்டுவந்து வைத்த காப்பியை அடைக்கலராஜ் உடனே தொடவில்லை. பிளேடுகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மாட்டி முடித்த பிறகுதான் டம்ளரை எடுத்தார். ஆறிப்போன காப்பியை ஒரு மனிதர் அவ்வளவு ருசித்துக் குடித்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.